ஆளில்லாத இடம்

"சமவெளி மாவட்டங்களில் வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்புள்ளது."

இந்த வாக்கியத்தை நம் ஜனங்கள் எத்தனையோ வருடம் கேட்டாயிற்று. அந்த ஓரிரு இடம் எப்போதும் பக்கத்து ஊராகத்தான் இருக்கும். நமக்கு வருவது புழுதிக் காற்றும், கொடியில் காயும் துணி பறந்துபோய் வேலி முள்ளில் மாட்டிக்கொள்வதும்தான். வானிலை ஆபீஸ்காரர்களை நாலு திட்டுத் திட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். மழை யார் கையிலும் இல்லை என்று தெரிந்திருந்ததால் அந்தத் திட்டில் பெரிய கோபம் இருக்காது.

அம்சவேணியின் காலத்தில் அது மாறிவிட்டது. திருப்பத்தூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டலில், இடிமழை மையம் என்று ஒரு கட்டடம் வந்தது. அந்த ஓரிரு இடம் எது என்பதை அங்கே குளிர்ந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்களில் அம்சவேணியும் ஒருத்தி. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பேச்சில் கொஞ்சம் குறும்பு உள்ளவள். குறும்பு என்று நான் சொல்வது போன வருடத்துக்கு முந்திய அம்சவேணியை.

அவளுக்கு ஒரே அக்கா, பூங்காவனம். ஊத்தங்கரைக்குத் தெற்கே கல்லேரிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். மாமா ஓசூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து போவார்; அந்த ஊர் ஆண்கள் ஏறக்குறைய எல்லாருமே அப்படித்தான். கடலைக் கொல்லை, இரண்டு மாடு, நர்சிங் படிக்கும் மகள் தர்ஷினி, இவ்வளவுதான் அக்காவின் உலகம். போன வருடம் ஆடி முடியும் சமயம் அம்சவேணி லீவு போட்டுவிட்டு அங்கே போயிருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டுத்தான் அக்கா பேச்சை எடுத்தாள்.

"எங்க ஊருக்கு ஒரு தரம் அனுப்பேன்டி. மூணு வருசமா ஏரியில பொட்டுத் தண்ணி இல்ல. உன் கையிலதான இருக்குது."

"என் கையில எங்கக்கா இருக்குது. மெஷின் மூணு எடத்தக் காட்டும். அதுல ஒண்ண நாங்க எடுப்போம். அவ்ளோதான்."

"அந்த மூணுல எங்க ஊரு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

அம்சவேணி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"முன்ன எல்லாம் ஆடு மேய்க்கப் போனவங்க, களை எடுக்கப் போனவங்கன்னு வருசா வருசம் எத்தன பேரு இடி விழுந்து செத்தாங்க, ஞாபகம் இருக்குதா? அதுக்குத்தான் இத ஆரம்பிச்சாங்க. வெயில்ல மேகம் ஏறும்போதே ட்ரோன் போய் உப்புத்தூள் தூவும். தூவுன எடத்துல மழை முதல்ல புடிச்சிக்கும். சுத்துவட்டாரத்துல ஏறுற மத்த மேகமெல்லாம் அடங்கிடும். எப்டியும் இடி ஒரு எடத்துல எறங்கித்தான ஆவணும். ஆளில்லாத வெட்டவெளியாப் பாத்து எறக்குறோம்."

"ஆளில்லன்னு எப்டித் தெரியும், சின்னம்மா?" தர்ஷினி கேட்டாள்.

"போன வெச்சுதான். போன் இல்லாத ஆளு யாரு இருக்கா இப்ப? வெட்டவெளியில ஒரு போன் இருந்தாக்கூட மெஷின் அந்த எடத்த விட்டுடும்."

"மேல இருந்து கேமராவுல பாக்கலாமே."

"பாத்தாங்க. இந்த வெயில்ல மண்ணு, கல்லு, மனுச ஒடம்பு எல்லாம் ஒரே சூடு. எது பாறை, எது ஆளுன்னு மெஷினுக்குப் புரியல."

தர்ஷினி கெட்டிக்காரி. சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்ப நாங்க கொல்லையில வேல செய்யற வரைக்கும் எங்களுக்கு மழை கெடையாது."

அம்சவேணி சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். அக்காதான் சொன்னாள்.

"புளியனூரப் பாரு. ஒரு சனம் இல்ல. எல்லாம் கட்டட வேலைக்கு பெங்களூரு போயிட்டாங்க. அங்க பச்சப்பசேல்னு கெடக்குது. ஊரக் காலி பண்ணவங்களுக்கு மழை, ஊரப் புடிச்சுக்கினு கெடக்குற எங்களுக்கு வெயிலு. நல்லா இருக்குதுடி உங்க நாயம்."

இந்த நியாயம் மையத்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை. கூட்டங்களில் அவ்வப்போது ஒருவர் கேட்பார். "முதல்ல உசுரு, அப்புறம்தான் பயிரு" என்று தலைமைப் பொறியாளர் பெனடிக்ட் சொல்வார். நல்ல மனிதர். அவருடைய தம்பி மகன் கிரிக்கெட் மைதானத்தில் இடி விழுந்து இறந்தவன். அதனால் அவரிடம் யாரும் மேலே பேசமாட்டார்கள். உயிர் போனவர்களைக் காட்டலாம், புகைப்படம் இருக்கும். மழை போன ஊர்களை என்னவென்று காட்டுவது?

கிளம்பும்போது அக்கா சொன்னாள். "ஆவணி பொறந்ததும் மழைச்சோறு எடுக்கலாம்னு பொம்பளைங்க பேசிக்கினு இருக்குறோம். நீ அனுப்பாட்டி என்னா, நாங்க அழுது வாங்கிக்குறோம்."

மழைச்சோறு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மழை பொய்த்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் முறத்தையும் பானையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறும் கூழும் பிச்சை கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எடுத்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போய் உட்கார்ந்து தின்பார்கள். மழையில்லாத ஊரில் எப்படி இருப்பது, இதோ ஊரை விட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். போகிறவர்களைப் பார்த்து வானத்துக்கு மனசு இளகவேண்டும் என்பது கணக்கு. இளகியதும் உண்டு, இளகாததும் உண்டு.

ஆவணி பிறந்தது. கோடை போயிற்று என்று காலண்டர் சொன்னதே தவிர வெயில் போகவில்லை. காலையிலேயே தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஒரு நாள் உச்சி வேளையில், அம்சவேணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அக்கா கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பேச்சும் சிரிப்பும் கேட்டது.

"இன்னைக்குத்தான்டி. சோறு வாங்கிட்டோம், கெளம்பப் போறோம். அப்புறம் நீ போன் பண்ணா எடுக்கமாட்டேன். வீட்லயே வெச்சுட்டுப் போறேன்."

"ஏன்க்கா?"

"ஊர விட்டுப் போறவ, பிச்ச எடுத்துத் தின்றவ, போனக் கையில புடிச்சுக்கினா போவா? செருப்புகூடக் கெடையாது. தர்ஷினியும் வரா. காலேசுக்கு லீவு போட்டுட்டா."

"உப்பில்லாமச் சாப்புடு. பிரஷருக்கு நல்லது."

"போடி" என்று சிரித்துக்கொண்டே அக்கா வைத்துவிட்டாள்.

அன்று மேகம் சீக்கிரமே ஏறியது. மதியம் தாண்டி மெஷின் மூன்று இடங்களைக் காட்டியது. ஒன்று காப்புக்காட்டுச் சரிவு. ஒன்று மனை போட்டு விற்காமல் கிடந்த நகர். மூன்றாவது கல்லேரிப்பட்டி ஏரி.

அம்சவேணி நம்பாமல் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போன் இருக்கும் இடமெல்லாம் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். எப்போதும் கொல்லைகளில் சிதறிக்கிடக்கும் புள்ளிகள் அன்று ஒன்றுகூட வெளியில் இல்லை. எல்லாம் வீடுகளுக்குள். அக்கா வீட்டிலும் இரண்டு புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில். வெயிலுக்குப் பயந்து ஊரே உள்ளே அடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"சார், கல்லேரிப்பட்டி ஏரி" என்றாள்.

"ஆளு?" என்றார் பெனடிக்ட், தன் திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்ல சார்."

அனுப்பினாள்.

மதியம் அக்கா சொன்னதை இவள் காதால் கேட்டவள்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டவள்தான். அந்தப் பேச்சு சிரிப்போடு முடிந்து, சாப்பாட்டோடு போய்விட்டது. எதிரில் அக்கா வீட்டில் அக்காவின் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு வருடமாகப் புள்ளி என்றால் ஆள், ஆள் என்றால் புள்ளி. தவிர, அவள் பிறந்த ஊரில் மழைச்சோறு தின்பது பிடாரி கோயில் புளியமரத்தடியில், பத்து வீடு தாண்டி. கல்லேரிப்பட்டியில் எல்லை என்பது ஏரிக்குள் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மின்னல் இறங்கும் இடமெல்லாம் திரையில் வெள்ளையாக வெட்டியது. மழைச் சத்தத்தை அக்கா வாயால் கேட்கவேண்டும் என்று போன் போட்டாள். எடுக்கவில்லை. தர்ஷினிக்குப் போட்டாள். அவளும் எடுக்கவில்லை. வாசலில் நின்று நனைகிறார்கள் போல என்று நினைத்துத் திரையைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. இரண்டு புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. பக்கத்து வீட்டைப் பார்த்தாள், எதிர் வீட்டைப் பார்த்தாள். மூன்று வருடம் கழித்து மழை கொட்டுகிறது, ஊரில் ஒரு புள்ளிகூட வாசலுக்கு வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு மதியப் பேச்சு ஞாபகம் வந்தது. இறங்கிவிட்ட மழையைத் திருப்பி அழைக்கும் பொத்தானை அந்த மையத்தில் யாரும் செய்து வைத்திருக்கவில்லை.

முதல் துளி விழுந்ததும் பெண்கள் யாரும் ஓடவில்லையாம். ஓடுவார்களா? கேட்டது கிடைத்துவிட்டது. ஏரி மண்ணில் உட்கார்ந்து சோற்றுக் கையோடு அழுதார்களாம், சிரித்தார்களாம். தர்ஷினி எழுந்து முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாளாம். இறங்கிய இடியில் அவளும், அவள் பக்கத்தில் நின்ற முனியம்மா என்கிற பெண்ணும் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குத் தீக்காயம், காது கேட்காமை. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்.

அம்சவேணி சாவுக்குப் போனாள். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தாள். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள். மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து தர்ஷினியின் கல்லூரிப் பையைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டூட்டி யார் என்று அவள் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அம்சவேணி சாப்பிட்டேன் என்றாள். சாப்பிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை.

காலை மடக்கி உட்கார்ந்து மரத்துப்போனால் இரண்டு தட்டுத் தட்டினால் ரத்தம் ஓடிச் சரியாகிவிடும். அவளுக்கு எங்கே தட்டுவது என்று தெரியவில்லை. குளித்தாள், பஸ் பிடித்தாள், வேலைக்குப் போனாள். டப்பாவில் இருப்பதைத் தின்றாள். உப்பு கூடவா குறையவா என்று நாக்கு சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அதற்கும் ஒரு வேகம் வேண்டுமே.

விசாரணை நடந்தது. திரையில் ஆளில்லை, விதிப்படி அனுப்பப்பட்டது, ஊழியர் மீது தவறில்லை என்று முடிந்தது. பெனடிக்ட் அவள் மேசைக்கு வந்து அதைச் சொன்னார். தவறு என்று அவர்கள் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"இனிமே இப்டி நடக்காதும்மா. விதிய மாத்திட்டாங்க. வெட்டவெளின்னு இல்ல, ஊர் எல்லைக்குள்ள எங்க ஒரு போன் இருந்தாலும் சரி, வீட்டுக்குள்ள இருந்தாலும் சரி, மெஷின் அந்த ஊரயே விட்டுடும்."

"அப்ப ஆளு இருக்குற ஊருக்கு மழையே கெடையாதா சார்?"

"நாம அனுப்பமாட்டோம். தானாப் பெஞ்சா பெய்யட்டும்."

"சுத்தி எங்கயாவது நாம தூவிக்கிட்டே இருந்தா, தானா எப்டி சார் பெய்யும்?"

பெனடிக்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பஸ்களின் முதுகில் விளம்பரம் வந்தது. கைபேசியை எப்போதும் உடன் வைத்திருங்கள், அது உங்கள் உயிர்க்கவசம். ஒரு சிரித்த குடும்பம், ஆளுக்கொரு போன். ஜனங்கள் அதைப் படித்தார்கள். படித்து, போன் இருந்தால் இடி வராது என்பதைப் புரிந்துகொண்டார்கள். இடி வராது என்றால் எது வராது என்பதையும் புரிந்துகொண்டார்கள். இந்த இரண்டாவது பாடத்தை விளம்பரம் எழுதினவர்கள் யோசிக்கவில்லை.

அந்த ஒரு மழையில் கல்லேரிப்பட்டி ஏரி பாதி நிறைந்திருந்தது. கிணறு ஊறி, தை மாதம் கடலை நன்றாக வந்தது. அக்கா பஸ்ஸில் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினாள். அம்சவேணி அதைச் சமையலறை மூலையில் வைத்தாள். அவிழ்க்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

இந்த வருடக் கோடை இன்னும் மோசம். ஆவணி பாதி போயும் வெயில் குறையவில்லை. ஏரி மறுபடியும் வற்றிவிட்டது என்று மாமா ஒருமுறை போனில் சொன்னார். அம்சவேணி ம் கொட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லேரிப்பட்டியைப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போவது போலக் கண் அங்கே போய்விடும். புள்ளிகள் ஒவ்வொன்றாக வீடுகளை விட்டு நகர்ந்து ரோட்டோரம் ஓரிடத்தில் சேர்ந்தன. பிறகு எல்லாம் ஒரே கொத்தாக ஊத்தங்கரை பக்கம் ஓடத் தொடங்கின. யாருக்கோ கல்யாணம், வண்டி வைத்துப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் ஊரே போகுமா? கட்டிய மாட்டை யார் பார்ப்பார்கள்? அத்தனை பேர் ஏறும் வண்டி அந்த ரோட்டில் எது?

கொஞ்ச நேரத்தில் மெஷின் மூன்று இடங்களைக் காட்டியது. முதலாவது கல்லேரிப்பட்டி. ஊர் எல்லைக்குள் ஒருவரும் இல்லை.

அம்சவேணி அக்காவின் நம்பருக்குப் போட்டாள். ஓடும் வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல் எடுத்தது.

"யாருங்க?"

"இது பூங்காவனம் நம்பர்தான? நீங்க யாரு?"

"நான் டெம்போ டிரைவருங்க."

"அவங்க எங்க?"

அந்த ஆள் கொஞ்சம் யோசித்தான். "நீங்க மழை ஆபீசுங்களா?"

"ஆமா."

"ஊர்ல யாரும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க மேடம்."

"யாரு சொன்னா?"

"இந்தப் போனுக்காரம்மாதான்." பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எல்லாப் போனும் சாக்குல கட்டி வெச்சிருக்குது. ஊத்தங்கரையில கொண்டுபோய் வெச்சிருந்து, பொழுது சாஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். இது அடிச்சுக்கினே இருந்துதுன்னு வெளிய எடுத்தேன். தப்புங்களா?"

"இல்ல. ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லி வைத்தாள்.

மற்ற இரண்டு இடங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கேயும் யாரும் இல்லை. அதை இனி எப்படி நம்புவது? ட்ரோன் இன்னும் தூவாமல், உத்தரவுக்காக மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கல்லேரிப்பட்டிக் கொல்லைகளில் இந்த நேரம் யார் யார் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். முகங்கள் வந்தன.

திரும்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

"ஏம்மா?" பெனடிக்ட் எழுந்து வந்தார்.

"சந்தேகமா இருக்கு சார்."

"திரையில யாரும் இல்லையே."

"திரையில இல்ல."

அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஒரு நாள் விடலாம்மா. தினம் விட முடியாது. காரணம் கேப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

தூவாமல் விட்ட மேகம் தன் போக்கில் ஜவ்வாது மலைப் பக்கம் நகர்ந்து, பொழுது சாயும்போது அங்கேயே கரைந்துபோனது. சமவெளியில் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலை செக்யூரிட்டி போன் செய்தார். "மேடம், உங்க அக்கான்னு சொல்றாங்க. உள்ள வரமாட்டேங்குறாங்க."

அக்கா வாசலுக்கு எதிரே இருந்த பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இந்த மையத்துக்கு அவள் வந்ததே இல்லை. அம்சவேணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்கா வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து மேகம் எங்க தலைக்கு மேல வந்து நின்னுது. கொல்ல பூரா நெழலு. மாடுகூட நிமிந்து பாத்துது. அப்புறம் போயிடுச்சு. நீதான டூட்டி?"

"நான்தான்."

"டிரைவருகிட்ட பேசினியாமே."

"பேசினேன்."

அக்கா நெடுஞ்சாலையில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் சொல்லிட்டுத்தான் போனேன். போன வீட்ல வெச்சுட்டுப் போறேன்னு என் வாயாலதான் உங்கிட்ட சொன்னேன். அதப் பத்தி இன்னைய வரைக்கும் ஒரு வார்த்த கேட்டனா?"

"இல்லக்கா."

"இனிமேட்டும் கேக்கமாட்டேன். கேட்டு என்னா ஆவப்போவுது. ஆனா நேத்து ஏன்டி நிறுத்துன? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"நீங்க எல்லாம் வெளிய இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் எப்டி அனுப்புவேன்?"

"வெளிய இல்லாம? களைய யாரு எடுப்பா, மாட்ட யாரு மேய்ப்பா? மேகம் தெனமும்தான் ஏறுது. தெனமும் கதவச் சாத்திக்கினு உள்ள உக்காந்தா அப்புறம் மழை எதுக்கு?"

"அந்த நேரத்துக்கு மட்டும் உள்ள போயிடுங்க. அனுப்பறதுக்கு முன்னால நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"எந்தப் போனுக்கு?"

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "அந்த ஒரு மழையிலதான் கெணறு ஊறிச்சு. வூட்டுக்கு வூடு கடலை வெளஞ்சுது. தர்ஷினி எதுக்கோ போனான்னு ஒரு ஆறுதல் இருந்துது. இப்ப கடலைச்செடி திரும்பக் காயுது. நீ எரக்கப்பட்டு நிறுத்துனா, எம் பொண்ணு செத்துப்போனதுக்கு என்னாடி அர்த்தம்?"

அம்சவேணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்ன அனுப்பச் சொல்லல. உன்னால முடியாது, எனக்குத் தெரியும். நான் வந்தது வேற ஒண்ணு கேக்க." அக்கா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு எந்தெந்த நாளு டூட்டி கெடையாது? அத மட்டும் சொல்லிடு."

சந்தை என்றைக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அம்சவேணிக்கு மறுக்கத் தோன்றவில்லை. மறுப்பதற்கு உள்ளே தேடிப் பார்த்தாள், அங்கே எதுவும் அகப்படவில்லை.

"வியாழன், வெள்ளி" என்றாள்.

"அப்ப நாளைக்கு." அக்கா எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "டிரைவருகிட்ட போறப்பவே சொல்லிட்டுப் போவணும். அந்தக் கடலைய அவிச்சுத் தின்னியா?"

"இன்னும் இல்ல."

"புழு வெச்சிடப்போவுது. எடுத்து வெயில்ல போடு."

ஊத்தங்கரை பஸ் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அம்சவேணி உள்ளே போனாள். மறுநாளுக்கான அறிவிப்பு அவள் மேசைக்கு வந்திருந்தது. ஒருமுறை படித்துச் சரிபார்த்து அனுப்பவேண்டியது அவள் வேலை. சமவெளி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.